மருந்தடிக்க ஒரு மெஷின்

"ஒருத்தன் பிழைப்புல கை வைக்கிற மெஷின் என் பண்ணைக்குள்ளே வராது," என்றார் நாற்றுப்பண்ணை முதலாளி.

விற்பனைக்காரர் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். படத்தில் ஒரு பசுமைக்குடில். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு மெஷின், தானாகவே பூச்சிமருந்தைப் பனிபோலப் பரப்பிக்கொண்டிருந்தது.

"உள்ளே ஆளே போக வேண்டாம் சார். நேரத்தை செட் பண்ணிட்டு நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம். மெஷின் லீவு கேட்காது. மச்சினிக்குக் கல்யாணம்னு வந்து நிக்காது."

"காலையில வணக்கமும் சொல்லாது," என்றார் முதலாளி.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவர்தான் விற்பனைக்காரரை வரவழைத்தவர். முதலாளியின் ஒரே மகளைக் கட்டிக்கொண்டு, இப்போதுதான் பண்ணை வேலை பழகுகிறார்.

"மாமா, விதை போட மெஷின் வாங்கினீங்க. தண்ணி தெளிக்கவும் மெஷின்தான். இதுக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீங்க?"

"விதை போட்டவங்களை நாத்து கட்டுற வேலைக்கு மாத்திட்டேன். ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பலை. மருந்தடிக்கிறவனை எங்கே மாத்துறது? அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

"அந்த மெஷினையே பார்த்துக்கச் சொல்லலாமே?"

"பட்டனைத் தட்டுறதுக்கு ஒரு ஆளா? அப்புறம் நீங்களே ஒரு நாள் கணக்குப் பார்த்து அவனைப் போகச் சொல்லுவீங்க. நீங்க படிச்சவங்க, கணக்கைப் பார்ப்பீங்க. நான் மனுஷங்களைப் பார்க்கிறவன்."

மாப்பிள்ளையின் முகம் சிறுத்துப் போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே நாற்றுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "படிச்சவங்க வந்தா முதல்ல நம்ம சோத்துலதான் கை வைப்பாங்க. முதலாளின்னா நம்ம முதலாளிதான்."

முதலாளி நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அறை வாசலில் மருந்தடிப்பவர் நின்றிருந்தார். ஒரு கையில் மருந்து டேங்க், இன்னொரு கையில் முகமூடி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"பயந்துட்டியா? நான் இருக்கிற வரைக்கும் உன் வேலை எங்கேயும் போகாதுப்பா."

"உங்க புண்ணியம் முதலாளி," என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"இருமல் இன்னும் விடலையா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அது வரும் போகும் சார். தக்காளி நாத்துல வெள்ளை ஈ தெரியுது. இன்னிக்கு அடிச்சே ஆகணும்."

"இருமிக்கிட்டே எப்படி அடிப்பீங்க? இன்னிக்கு நான் அடிக்கிறேன், குடுங்க. கணக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? வேலையும் கத்துக்கணும் இல்ல?"

மாப்பிள்ளை முகமூடியை வாங்கிக்கொண்டு டேங்குக்குக் கை நீட்டினார்.

முதலாளி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை."

"ஒரே ஒரு குடில்தானே மாமா."

"ஒண்ணும் வேண்டாம். அது அத்தனையும் விஷம். கதவைச் சாத்திக்கிட்டு அடிக்கணும். முகமூடி போட்டாலும் நெஞ்சுக்குள்ளே இறங்கும். சட்டையில படிஞ்சா துவைச்சாலும் போகாது. அந்தச் சட்டையோட நீங்க வீட்டுக்கு வந்தா என்ன ஆகிறது? என் பொண்ணு மாசமா இருக்கா. அவ மூச்சுல அது..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

விற்பனைக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தட்டு அடுக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மாப்பிள்ளையின் கையிலிருந்து முகமூடியை மருந்தடிப்பவரே மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"முதலாளி சொல்றது சரிதான் சார். நீங்க உள்ளே போகக் கூடாது."

டேங்கைத் தூக்கி முதுகில் மாட்டினார்.

முதலாளிக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியிருந்தது. "உனக்கு... உனக்குப் பழகிப்போச்சு. இல்லையா?"

"பழகிப்போச்சு முதலாளி. வாசல்லயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வீட்டுக்குள்ளே போவேன். கொஞ்ச நாளா படுக்கையும் வெளியிலதான். என் பக்கத்துல வராதேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எங்க வீட்டுலயும் மாசமாத்தான் இருக்கா."

சொல்லிவிட்டுக் குடிலைப் பார்த்து நடக்கத் திரும்பினார்.

முதலாளி விரைந்து வந்து டேங்கின் பட்டையைப் பிடித்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிடியை மட்டும் விடவில்லை.