மூன்றாம் மாடி இராச்சியம்

டொறத்தி கைக்குழந்தையோடு சமையலறைக்குள் வந்தபோது நாடாளுமன்றம் கூடியிருந்தது.

ஸ்டுட்கார்ட் அகதி விடுதியின் மூன்றாம் மாடியில் பத்து ஆண்கள். வேலை செய்ய ஜெர்மன் சட்டம் விடவில்லை. ஆகவே ஆட்சி செய்தார்கள்.

முதலில் சங்கம்தான் வைக்கப் பார்த்தார்கள். ஓர் ஊர்க்காரன் தலைவராவதை மற்ற ஊர்க்காரன் பொறுக்கவில்லை. கடைசியில், அதிகாரம் ஒன்றுமில்லாத அரசர் ஒருவரை வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. போட்டியிடாத ஒரே ஆள் அரியரத்தினம் அண்ணை. அவருக்கு முடி சூட்டினார்கள். மற்ற ஒன்பது பேரும் மந்திரிகள்.

அந்த மாடியில் ஒரே பெண் டொறத்தி. அவள்தான் குடிமக்கள். சட்டி கழுவுவது குடிமக்களின் கடமை என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாக நிறைவேறியிருந்தது.

"இண்டைக்கு எனக்கு விசாரணை. பின்னேரம் வரைக்கும் பிள்ளையை ஆராவது வைச்சிருங்கோ," என்றாள்.

கணவன் ஊரில் சிறையில். அவள் இங்கே அகதியாக இருக்கலாமா, ஊருக்குத் திரும்பவேண்டுமா என்பது அந்த விசாரணையைப் பொறுத்தது.

பிரதமர் செல்வராசா விடயத்தை விவாதத்துக்கு விட்டார்.

பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லையே என்றார் சுகாதார மந்திரி. பள்ளிக்கூட வயதில்லை என்றார் கல்வி மந்திரி. பாதுகாப்பு மந்திரி பிள்ளையின் துணி நனைந்திருப்பதைக் கண்டு ஓரடி பின்வாங்கினார். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த பிள்ளை ஜெர்மனியின் உள்விவகாரம் என்றார் வெளிநாட்டு மந்திரி.

குழு அமைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குத் தலைவர் யார் என்பதில் சத்தம் கூடியது.

ரயிலுக்கு நேரமாயிற்று. டொறத்தி பிள்ளையை அரசரின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

"அண்ணை, கீழை வையுங்கோ! மன்னர் வேலை செய்யிறது அரசியலமைப்புக்கு விரோதம்!" என்றார் பிரதமர்.

அண்ணை பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கியிருந்தார்.

பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது குழுத் தலைவர் இன்னும் தெரிவாகவில்லை. தொட்டி நிறையக் கழுவாத சட்டிகள்.

"என்னவாம்?" என்று கேட்டார் பிரதமர்.

அவள் அண்ணையிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"முடிவு பிறகுதானாம். அரசாங்கத்தாலை உமக்கு என்ன கரைச்சல், என்ன தொல்லை எண்டு விசாரணையிலை கேட்டவங்கள்."

தொட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"எந்த அரசாங்கம் எண்டு கேட்டன்."