வாலைப் பிடித்திருப்பவர்

மச்சானின் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது.

உடை மாற்றும் அறையில் அவர் சட்டையும் என் சட்டையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். காகிதத்தின் மூலையில் சின்னதாக ஒரு முயல் படம்.

என் மகளின் நோட்டுத் தாள் அது. பள்ளி திறக்கும்போதெல்லாம் முயல் போட்ட நோட்டாகத் தேடிப் பிடித்து அவளுக்கு வாங்கி வருவது அவளுடைய மாமா, அதாவது இதே மச்சான்.

மொட்டைக் கடிதம் எழுத வீட்டில் எனக்கு வேறு தாளே கிடைக்கவில்லை. இடது கையால் எழுதினேன். இரண்டு பேருந்து மாறிப் போய்த் தபால் பெட்டியில் போட்டேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனமும் ஒரு முயலிடம் மாட்டிக்கொண்டது.

அந்தக் கடிதத்தால்தான் தலைமைப் பராமரிப்பாளர் பதவி அவருக்கு வராமல் எனக்கு வந்தது. இந்த மீன் காட்சியகத்தில் எனக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

கதவருகே நின்று, போகலாமா என்பதுபோல் தலையை ஆட்டினார். தினமும் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். கையுறையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

பின்பக்கத் தொட்டியில் பெரியம்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் நீளச் சுறா. யாரையும் மதிக்காமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் என்பதால் நாங்கள் வைத்த பெயர்.

அதன் ஈறில் ஒரு புண். செவ்வாய்தோறும் மருந்து வைக்க வேண்டும். மயக்க ஊசி கிடையாது. மல்லாக்கப் புரட்டினால் போதும், சுறா செத்ததுபோல் அடங்கிவிடும். எவ்வளவு நேரம் என்று அதற்கே தெரியாது. வாயில் மரக்கட்டை வைத்துப் பார்த்தோம், உடனே விழித்துக்கொண்டது.

விழிப்பு முதலில் வாலுக்கு வரும். வாலைப் பிடித்திருப்பவர் சொல்ல வேண்டும், வாய்க்குள் கை விட்டிருப்பவன் எடுத்துவிட வேண்டும்.

கை விடுவது நான். மச்சான் பிடித்தால்தான் விடுவேன் என்று பதவிக்கு வந்த முதல் நாளே நிர்வாகியிடம் கேட்டு வாங்கியிருந்தேன்.

மார்பளவு தண்ணீரில் நின்று அவர் புரட்டினார். வெள்ளை வயிறு மேலே வந்தது. செவுள்கள் மெல்ல மூடித் திறந்தன. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

இன்று வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். சொன்னால் ஏன் என்பார். காகிதத்தைப் பார்த்துவிட்டேன் என்பது தெரிந்துவிடும்.

கையை விட்டேன். பற்கள் கையுறையில் உரசின.

அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ஒரு நொடி தாமதமாகச் சொன்னால், விபத்து என்று எழுதி முடித்துவிடுவார்கள். என் மனைவிகூடத் தன் அண்ணனைச் சந்தேகப்பட மாட்டாள்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிக்கிறாரா? நேற்று நிர்வாகியின் அறையில் அரை மணி நேரம் இருந்தாரே, அங்கேதான் கடிதம் கைக்கு வந்திருக்கும். ஒரு நாள் ஆத்திரம் இன்னும் ஆறியிருக்காது.

வழக்கமாக எண்பது வரை எண்ணுவேன். இன்று முப்பதிலேயே எண் மறந்துபோனது. மருந்து ஈறில் பட்டதா நாக்கில் பட்டதா தெரியவில்லை.

"மாப்ளே, கைய எடுங்க."

எடுத்தேன். வால் சுழன்றடித்தது. பெரியம்மா புரண்டு, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

உடை மாற்றும் அறையில் அவரே காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்புகள் எப்போதோ கிழிந்து, டேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் அழுக்கேறியிருந்தது.

"என்னைத்தான் வேணும்னு கேட்டீங்களே, அன்னைக்கே மேனேஜர் இதைக் குடுத்துட்டாரு. ஒரு செவ்வாக்கிழமையாவது நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன், மாப்ளே. நேத்து ராஜினாமா குடுத்துட்டேன். அடுத்த வாரம் வேற ஆளைப் பார்த்துக்கங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினாறு செவ்வாய்கள். பதினாறு முறையும் எல்லாம் தெரிந்தேதான் அவர் வாலைப் பிடித்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

காகிதத்தைப் பிரித்தேன். கோணல் எழுத்தில் இரண்டே வரி.

'இவருக்குக் கை நடுங்குகிறது. இவரை நம்பி யாரும் சுறாவின் வாய்க்குள் கை விட முடியாது.'