கூரைக்கு அடியில் ஒரு சோளம்

ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு சோளப் பாத்திக்கு மட்டும் சக்கரம் வைத்த கண்ணாடிக் கூரை இருந்தது. விதைத்த அன்று பெய்த மழைக்கு அதைத் திறந்து வைத்தார்கள். அதன்பிறகு வானம் இருட்டினாலே கூரை உருண்டு வந்து பாத்தியை மூடிவிடும்.

கதிர் முற்றும் சமயத்தில் மழை மறுபடி வந்து கூரைமேல் அடித்தது.

“வழியை விடு. உள்ளே அத்தனையும் செத்துடும்.”

“சாகாதது எதுன்னு பார்க்கத்தான் என்னைப் போட்டிருக்காங்க,” என்றது கூரை. “எது தாங்குதோ அதோட விதைதான் அடுத்த வருஷம்.”

“நான் இல்லாம எது தாங்கும்?”

மழை கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தது. நெட்டையாக வளர்ந்திருந்த பயிரெல்லாம் காய்ந்து சாய்ந்து கிடந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரே ஒரு சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அதன் கதிர் மணி பிடித்துக் கனத்திருந்தது.

மழையின் சத்தம் தணிந்தது. “உனக்கு யார் தண்ணி தந்தது?”

“நீதான்,” என்றது சோளம். “விதைச்ச அன்னைக்கு வந்தியே. பக்கத்துல இருந்ததுங்க அதைக் குடிச்சு மளமளன்னு வளர்ந்துச்சுங்க. நான் வெயில் ஏறினா இலையைச் சுருட்டிக்குவேன், இறங்கினா கொஞ்சம் குடிப்பேன். அடி வேர்ல இன்னும் ஈரம் மிச்சம் இருக்கு.”

மழை தன் துளிகளைச் சத்தம் வராமல் கூரைமேல் இறக்கியது. அன்றைக்குப் பெய்ததை அது மறந்தே போயிருந்தது.