பொழுது சாய்ந்தால் வீடு திரும்புகிற மாப்பிள்ளை

"எனக்கு ஒரே ஒரு கண்டிசன்தான் தம்பி. பொழுது சாயுறப்ப மாப்ள வீட்ல இருக்கணும்."

ஆனையூரில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னவர் மலையாண்டி, பெண்ணின் அப்பா. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கடைசி டிரிப் முடிச்சு நான் எம்புட்டு நேரங்கழிச்சு வந்தாலும், என் சம்சாரம் தூங்காம உக்காந்திருப்பா. அதான் கேக்குறேன். பேங்க் மாப்ள, சாப்ட்வேர் மாப்ள, ரெண்டு பேரையும் இதுக்காகவே வேணாம்னுட்டேன்."

பெண் பார்க்க வந்திருந்த சித்தார்த்தின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எங்களுக்கு அந்தக் கவலையே இல்லண்ணே! இவன் வேலை பாக்குறது அழகர்கோவில் பக்கம் சோலார் பிளான்ட்ல. சூரியன் இறங்குனா பிளான்ட்டும் படுத்துரும், இவனும் பைக்கை எடுத்துருவான். விளக்கு வைக்கிறப்ப கோச்சடையில நம்ம வீட்டு வாசல்ல நிப்பான்."

"அதைக் கேட்டுத்தானே உங்களை வரச் சொன்னேன்!"

அஸ்வினி காபி கொண்டுவந்தாள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், "அண்ணே, பாயசம் இன்னொரு கரண்டி" என்று கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிய அதே பெண். அன்றிலிருந்து சித்தார்த்துக்கு வேறு எந்தப் பெண்ணின் போட்டோவும் பிடிக்கவில்லை. இவளிடம் ஒன்றை மறைத்துவிட்டு வாழ்க்கையை ஆரம்பிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லணும். எங்க பிளான்ட்ல புதுசா பேட்டரி வைக்கிறாங்க."

அம்மா முழங்கையால் இடித்தாள். "கடிகாரத்துல கூடத்தான் பேட்டரி இருக்கு. பேசாம காபியக் குடிடா."

"கன்டெய்னர் கன்டெய்னரா இறக்கியாச்சும்மா. பகல்ல கரண்டைச் சேத்துவச்சு, இருட்டுனப்புறம் ஊருக்கு அனுப்பப் போறோம். ராத்திரி பத்து மணி வரைக்கும் அங்க ஆள் இருக்கணும். அந்த ஷிஃப்ட்டுக்கு என்னைப் போட்டாலும் போட்டுருவாங்க மாமா."

அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், போச்சு என்று சித்தார்த் காபித் தம்ளரைக் கீழே வைத்தான்.

மலையாண்டி தொண்டையைச் செருமினார். "தம்பிக்குத் தோசை சுட வருமா?"

"தோசையா? வரும் மாமா. ஆனா வட்டமா வராது."

அஸ்வினி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"உங்களை அந்த ஷிஃப்ட்ல போட மாட்டாங்க. அதுக்குத் தனியா ஒரு இன்ஜினியர் எடுத்தாச்சு" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேலை ஆர்டர் போன மாசமே எங்க வீட்டுக்கு வந்துருச்சு. திங்கக்கிழமை நான்தான் வந்து சேர்றேன்."

சித்தார்த்தின் தோளில் மலையாண்டி தட்டினார்.

"என் பொண்ணு ராத்திரி வேலை முடிச்சு வர்றப்ப, தோசைக்கல்லைக் காயவச்சுக்கிட்டு ஒரு ஆள் முழிச்சிருக்கணும் மாப்ள. அது எம்புட்டுச் சுகம்னு எனக்குத் தெரியும்ல!"