பிரிக்கக் கூடாத கட்டு

"உன் கையைக் கட்டிப் போட்டாத்தான் சரிப்படும் போலிருக்கே!"

வார்டு சிஸ்டர் போட்ட சத்தத்தில் அந்தத் தாய் கட்டிலை விட்டு இரண்டடி பின்வாங்கினாள். குடலில் ஆபரேஷன் முடிந்து நேற்றுதான் வார்டுக்கு வந்த அவளுடைய மூன்று வயது மகள், வலி மருந்தில் உறங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுக் கட்டின் பட்டை, பழைய தடத்திலிருந்து விரலகலம் தள்ளி ஒட்டியிருந்தது. யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"பிள்ளை மேல சத்தியமா நான் தொடல சிஸ்டர்."

"அப்போ காத்து வந்து பிரிச்சுதா? ரெண்டு நாளைக்கு யாரும் கை வைக்கக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! கிருமி புகுந்தா மறுபடியும் கத்திதான். பக்கத்துக் கட்டில் பையன் பட்ட பாட்டைப் பார்த்தல்ல?"

பார்த்திருந்தாள். போன வாரம் புண்ணில் சீழ் கோத்து, தையல் விட்டு, அவனை இரண்டாம் தடவை தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் கண்டிப்பாக உத்தரவு போட்டார், கட்டின் மேல் ஒரு விரல்கூடப் படக் கூடாதென்று.

சிஸ்டருக்குக் கால் கடுத்தது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தியாக மேய்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவி, உறை மாட்டி, புதுக் கட்டுப் போட்டாள். பழைய பட்டையை உரிக்கும்போது அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கைகாரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் புகார் சொன்னாள். இதுபோன்ற விஷயத்துக்கு எரிந்து விழுகிறவர், இன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடுங்க சிஸ்டர். அந்தம்மாவைத் திட்டாதீங்க."

"நீங்க இடம் கொடுங்க, நான் அல்லாடறேன்" என்று முணுமுணுத்தபடி, அவர் போனதும் தாயை வெளியே அனுப்பினாள்.

"கண் முழிச்சா என்னைத் தேடுவா சிஸ்டர்."

"நான் இருக்கேன்ல, போம்மா."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் மனசு உறுத்தியது. பொய் சொல்கிற முகமா அது?

மதியம் வார்டு ஓய்ந்ததும், கட்டிலைச் சுற்றிய துணித் தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், கண் சொருகியது.

சர்ரென்று பட்டை உரிகிற சத்தம்.

தூக்கிவாரிப் போட்டது. தடுப்பின் இடைவெளியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாட்டினியா! யாரு அது?"

தடுப்பு விலகி ஒரு மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்தது. தூக்கம் பார்த்தே நாளாகிவிட்டதுபோல் ஒரு குரல் கம்மலாகக் கெஞ்சியது.

"கத்தாதீங்க சிஸ்டர்... நான் போட்ட தையலாச்சே, பயமா இருக்கு."