தொட்டிக்கு வந்த மிச்சம்

நான் ரொம்ப ரோஷக்கார மாடு. என் வீட்டுக்காரர் மாசிலாமணி நெல்லை மில்லில் கொடுத்து, அரிசியை மல்லிகைப்பூ மாதிரி தீட்டிக்கொண்டு வருவார். தவிடு எனக்கு. அந்த அரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கழுநீர் எனக்கு. வடித்த கஞ்சியும் எனக்கே.

"மிச்சம் மீதிக்குத்தான் நானா?" என்று கோழியிடம் புலம்புவேன். புலம்பிக்கொண்டே தொட்டியை நக்கிச் சுத்தம் செய்துவிடுவேன்.

ஒருநாள் மாசிலாமணிக்குப் பாதம் எரிந்தது. பிறகு மரத்துப்போனது. டாக்டர் வந்து போனதும் வாசலிலிருந்து கோழி ஓடி வந்தது.

"அக்கா, தெருவில பாதிப் பேருக்கு இதேதானாம். பி வைட்டமின் எல்லாம் தவிட்டோடயும் கஞ்சியோடயும் போயிடுச்சாம்."

"அடப்பாவமே, எங்கே போச்சாம்?"

கோழி என் வயிற்றையே பார்த்தது.

அன்று சாயங்காலம் மாசிலாமணி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, நொண்டியபடி வாளியோடு வந்தார். என் முதுகைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் கஞ்சியை ஊற்றினார்.

"பாவம், வாயில்லா ஜீவன். நாம கொட்டுறதைக் குடிச்சிட்டுக் கிடக்குது" என்றார்.

நான் முகத்தை முடிந்த மட்டும் பாவமாக வைத்துக்கொண்டு குடித்தேன்.