டாக்டருக்கு ஒரு பரீட்சை

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ரத்தப் புற்றுநோய் டாக்டர், லட்சத்தில் ஒருவருக்கு வரும் வகைப் புற்றுநோய் இருப்பதாகச் சொல்லப்பட்ட மருமகள், அவளைக் கூட்டி வந்த மாமனார்.

"ஏற்கெனவே ரெண்டு டாக்டரைப் பார்த்தாச்சு. ரெண்டு பேரும் பித்தலாட்டம்," என்றார் மாமனார்.

"எதை வெச்சு சொல்றீங்க?"

"முதல்ல ரிப்போர்ட்டைப் படிங்க."

டாக்டர் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இவங்களுக்குச் சொன்ன அதே நோய்தான். ஆனா இது இவங்க ரத்தமில்ல. குரோமோசோம் ஆணோடது."

மாமனார் சிரித்தார். "நீங்கதான் டாக்டர்! அது என் ரத்தம். முதல் டாக்டர் இவளுக்கு நோய்னு சொன்னதும், ரெண்டாவது டாக்டர்கிட்ட இவ பேர்ல கொடுத்தேன். எவன் புளுகுறான்னு தெரிய வேண்டாமா? எங்க வீட்டுப் பொண்ணைக் கண்டவன் கையில ஒப்படைப்பேனா? இனி இவளை நீங்களே பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. மருமகள் மெல்ல மாமனாரின் கையைப் பிடித்தாள்.

"மாமா... நோய் இருக்குன்னு இவரும்தானே சொன்னார்?"

இப்போது மாமனார், மருமகள் இருவருக்கும் அந்த டாக்டரிடமே சிகிச்சை. மருமகளிடமிருந்து மாமனாருக்கு ஒட்டிக்கொண்டது என்று உறவுக்குள் பேசுகிறார்கள். தவறு. அந்த நோய் யாரிடமிருந்தும் ஒட்டாது. தவிர, பிறகு செய்த பரிசோதனைகளின்படி, இருவரில் முதலில் வந்தது பெரியவருக்குத்தான்.